சீந்தில் கொடியும் உங்கள் கைப்பேசியும்

போன வாரம் ஒரு அம்மா புறநோயாளிச் சீட்டோடு வந்தாங்க. கையில் மருந்து இல்லை, கைப்பேசிதான். "டாக்டர், இது சீந்தில்தானே? தினமும் ஒரு டம்ளர் கஷாயம் குடிக்கலாம்னு குரூப்பில் வந்திருக்கு"ன்னு படத்தைக் காட்டினாங்க. தண்டு முழுக்க முண்டு முண்டாக இருந்தது. சீந்தில் இல்லீங்க அது.

நம்ம சீந்தில், அமிர்தவல்லின்னும் சொல்வாங்க, வேலியிலும் வேப்பமரத்திலும் படரும். இதய வடிவ இலை, மேலிருந்து நூல் மாதிரி தொங்கும் விழுது. முற்றிய தண்டில் மேல்தோல் காகிதம் போல உரியும், உள்ளே பச்சை. காய்ச்சலுக்குச் சித்த மருத்துவம் காலங்காலமாகச் சொல்வது இதன் தண்டைத்தான். கொரோனா காலத்தில் நீங்கள் குடித்த கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் இதுவும் ஒன்று. இதன் உறவுக் கொடி டினோஸ்போரா கிறிஸ்பா. இலையை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாந்துபோவாங்க. தண்டைத் தடவிப் பாருங்க, கொப்புளம் போல முண்டுகள் தட்டுப்படும்.

2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்ததாகச் சொன்ன ஆறு பேரின் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். முறையான சீந்தில் பாதுகாப்பானது, கிறிஸ்பாதான் கேடு செய்யலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். கல்லீரல் மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. வாதம் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், சரியான கொடியாகவே இருந்தாலும் மாதக்கணக்கில் தானாகக் குடிப்பது வேண்டாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம். முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

செயலி சொல்லும் செடிப் பெயரை நம்பிக் கஷாயம் வைக்காதீங்க. இலை, தண்டு, விழுது மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து, ஒரு துண்டுத் தண்டோடு அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவுக்கு வாங்க. பொடி வாங்கினால் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் தெரிய உறையையும் படம் எடுத்து வைங்க.

கண் மஞ்சளாகுதா, சிறுநீர் கருக்குதா, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுதா? கஷாயத்தை அன்றைக்கே நிறுத்துங்க. 104க்குக் கூப்பிட்டால் ஆலோசனை கிடைக்கும். ஆனால் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீங்க. போகும்போது என்ன குடிச்சீங்கன்னு மறைக்காம சொல்லுங்க. "நாட்டு மருந்துதானே"ன்னு பலர் அதை மட்டும் சொல்றதே இல்லை.

அந்த அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். நல்லவேளை, இன்னும் குடிக்க ஆரம்பிக்கலை. ஆனா அதே படத்தைத் தங்கச்சிக்கு அனுப்பியிருந்தாங்க. என் முன்னாடியே போன் போட்டு நிறுத்தச் சொன்னாங்க.