பந்து ஒன்று, ஆடுவோர் ஐவர்

கூடைப்பந்தாட்டம் பிறந்தது 1891-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் தம் மாணவர்கள் கூரைக்குக் கீழே ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டுமென்று எண்ணி, பீச் பழக் கூடைகள் இரண்டை உயரே பொருத்தி வைத்தார். வகுப்பில் இருந்தவர் 18 பேர். ஆகவே பக்கத்துக்கு 9 பேராகப் பிரித்து ஆடவிட்டார். வந்தவர் அனைவருக்கும் இடம் இருந்தது. எவரைச் சேர்ப்பது, எவரை விலக்குவது என்ற கவலை அன்று எழவில்லை.

இன்றோ அந்தக் கவலையே ஒரு பெருந்தொழிலாக வளர்ந்து நிற்கின்றது. என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 30 அணிகள் உள்ளன. ஓர் அணி, முழு ஒப்பந்தத்தில் 15 ஆட்டக்காரர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதினைவர் யார் யார் என்று தீர்மானிப்பது அணி நிர்வாகிகளின் பொறுப்பு. ஆயினும், விடியுமுன் எழுந்து அவ்வாட்டங்களைப் பார்க்கும் அபிமானிகளாகிய நாமும் அந்தப் பொறுப்பை மானசீகமாக ஏற்றுக்கொண்டு விடுகிறோம். "இவரை விட்டு அவரை வாங்கியிருக்கலாகாதா?" என்று வாதிடாத அபிமானி உண்டோ? அந்த வாதத்தை எவ்வாறு நடத்துவது நியாயம் என்பதைத்தான் இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் நினைவில் வைக்க வேண்டியது, களத்தில் பந்து ஒன்றே என்பது. இது குழந்தைக்கும் தெரிந்த உண்மை. ஆனால் அபிமானிகள் முதலில் மறப்பதும் இதுவே. லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் அணி 2000, 2001, 2002 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து சாம்பியன் பட்டம் வென்றது. ஷக்கீல் ஓநீலும் கோபி பிரயன்டும் அதன் இரு தூண்கள். 2003-ஆம் ஆண்டில் கார்ல் மலோன், கேரி பேட்டன் என்ற வேறு இரு பெரும் ஆட்டக்காரர்களும், பட்டம் ஒன்றையே நாடி, குறைந்த ஊதியத்துக்கு அவ்வணியில் வந்து சேர்ந்தனர். நால்வரும் புகழின் உச்சியைக் கண்டவர்கள். இனி இவர்களை வெல்பவர் யார் என்று பலரும் கருதினர்.

2004-ஆம் ஆண்டு இறுதித் தொடரில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி அவர்களை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. மலோன் முழங்கால் காயத்தால் அவதிப்பட்டார் என்பது உண்மையே. எனினும் காயம் ஒன்றே காரணமாகிவிடாது. டெட்ராய்ட் அணியின் பென் வாலஸ், ஆண்டுதோறும் புதியவர்களைத் தெரிந்தெடுக்கும் தேர்வில் எந்த அணியாலும் எடுக்கப்படாதவர். சான்ஸி பில்லப்ஸ் பல அணிகளுக்கு மாறி மாறிச் சென்று, எங்கும் வேரூன்றாமல் வந்தவர். ஆனால் பென் வாலஸ் பந்து வேண்டுமென்று கேட்பவரல்லர். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதும் எதிரியை மறிப்பதுமே தம் கடமை என்று கொண்டவர். ரிச்சர்ட் ஹாமில்டன் ஓயாமல் ஓடி, பந்தெறிய இடம் தேடிக்கொள்பவர். டேஷான் பிரின்ஸ் தம் நீண்ட கைகளால் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைத் தடுப்பவர். உயரமும் குறிபார்த்தெறியும் திறனும் ஒருங்கே உடைய ரஷீத் வாலஸ் அவ்வாண்டு பிப்ரவரியில்தான் வந்து சேர்ந்தார். அவர் வந்தபின் ஐவரும் ஒருவர் குறையை ஒருவர் நிறைத்தனர். மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் அணியால் 68 புள்ளிகளுக்கு மேல் எடுக்க முடியவில்லை. நான்கு பேரும் வடம் பிடிக்கவே விரும்பி, சக்கரத்துக்குக் கட்டை போட ஆளில்லாவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேருமா?

இரண்டாவது வரம்பு, காலம். ஓர் ஆட்டத்துக்கு 48 நிமிடம்; ஒரே சமயத்தில் ஆடுவோர் ஐவர். ஆகப் பங்கிடத் தக்கது 240 நிமிடமே. அதற்குள்தான் பதினைவரின் ஆசைகளும் அடங்க வேண்டும். இந்தப் பங்கீட்டுக்குச் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியைச் சிறந்த உதாரணமாகக் கூறலாம். அவ்வணி பட்டம் வென்ற 2013-14 பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில், ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த மனு ஜினோபிலி, தொடக்க ஐவரில் இடம்பெறும் தகுதி முற்றும் உடையவர். 2004 ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்குத் தங்கப் பதக்கம் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர். எனினும் பல பருவங்களில் அவர் பலகையில் அமர்ந்திருந்து, இடையிலேயே களம் புகுந்தார். முதலில் இறங்கியவர்கள் களைத்த வேளையில் இப்படியொருவர் வந்து நின்றால் எதிரணிக்கு மூச்சுவிடவும் நேரமிராது. அணிக்குச் சமநிலை தந்தது அவருடைய திறமை மட்டுமன்று. பின்னால் வருவதைச் சிறுமையாக எண்ணாத அவருடைய மனமும்கூட.

மூன்றாவது வரம்பு, பணம். 1984-85 பருவத்தில் ஓர் அணியின் மொத்த ஊதியத்துக்கு 36 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வகுத்தனர். 2025-26 பருவத்தில் அது ஏறத்தாழ 15 கோடியே 46 லட்சம் டாலர். சில விதிவிலக்குகளைக் கொண்டு அதைத் தாண்டலாம். ஆனால் தாண்டத் தாண்ட வரியும் தடைகளும் பெருகும். 2023-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இவற்றை மேலும் இறுக்கியது. மிக உயர்ந்த எல்லையைக் கடந்த அணி, இரண்டு ஆட்டக்காரர்களின் ஊதியத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளவும் இயலாது. அந்த ஆண்டிலேயே ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி, கெவின் டுராண்ட், டெவின் புக்கர் ஆகியோரோடு பிராட்லி பீலையும் சேர்த்துக்கொண்டது. மூவரும் பந்தெறிவதில் வல்லவர்கள். மூவருக்கும் ஊதியம் மிக அதிகம். எஞ்சியவர்களைத் தேடக் கையில் பொருளில்லை. 2024-இல் முதற்சுற்றிலேயே நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. அடுத்த பருவத்தில் 36 வெற்றி, 46 தோல்வி. 2025 கோடையில் டுராண்டும் பீலும் பிரிந்து போயினர். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டுமென்பது செல்வர்க்கும் பொருந்தும் போலும்.

சமநிலை என்பது கணக்கு மட்டுமாயின் இத்துடன் நிறுத்திவிடலாம். ஆனால் அதற்கு மனிதர்கள் கொடுக்கும் விலையும் உண்டு. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் மார்க்கஸ் ஸ்மார்ட், 2014 முதல் ஒன்பது பருவங்கள் அவ்வூராரின் அன்புக்குரியவராக விளங்கியவர், 2022-இல் என்.பி.ஏ.யின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதும் பெற்றவர். தூரத்திலிருந்து பந்தெறியவல்ல நெடிய ஆட்டக்காரர் ஒருவர் தேவைப்பட்டபோது, 2023-இல் அவரை விட்டுக் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை வாங்கினர். பின்னர் ஜுரூ ஹாலிடே வந்தார். முந்தைய பருவத்தில் மில்வாக்கி அணியில் சராசரி 19.3 புள்ளி எடுத்தவர், பாஸ்டனில் 12.5 புள்ளியுடன் நிறைவுகொண்டு, பிறர் எறிய வழிவிட்டார். 2024-இல் பாஸ்டன் தன் 18-ஆவது பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டே, ஊதிய எல்லைக்குள் அடங்கும் பொருட்டு, ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் அதே அணி வெளியே அனுப்ப நேர்ந்தது.

நிர்வாகம் செய்தது தவறென்று நாம் கூற வரவில்லை. ஸ்மார்ட் சென்றிராவிட்டால் அந்தப் பட்டம் வந்திருக்குமோ என்பது ஐயமே. ஆனால் கொடி ஏற்றும் நாளில் அபிமானிகளாகிய நாம் நினைக்க வேண்டியவர்கள் களத்தில் நின்ற ஐவர் மட்டுமல்லர். பலகையில் காத்திருந்தவரும், தம் புள்ளியைக் குறைத்துக்கொண்டவரும், பிறருக்கு இடமாகும் பொருட்டு ஊர் மாறிப் போனவரும் அந்த வெற்றியில் பங்குடையவர்களே.

ஆகவே, அடுத்த முறை நம் அணிக்குப் புகழ்பெற்ற ஒருவரை வாங்க வேண்டுமென்று வாதிடும்போது, அவர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதோடு நின்றுவிடலாகாது. அவர் கையில் பந்து இருக்கும்போது மற்ற நால்வர் என்ன செய்வர், அவருக்குத் தரும் நிமிடங்களை எவரிடமிருந்து எடுப்போம், அவர் பொருட்டு எவரை வழியனுப்புவோம் என்றும் கேட்டுக்கொள்வோமாக. நெய்ஸ்மித் தம் வகுப்பில் ஒருவரையும் வெளியே நிறுத்தவில்லை. இன்றைய அணிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வெளியே நிற்க நேர்ந்தவரை மறவாதிருப்பதாவது நம்மால் இயலும்.