கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா?

நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாத ஒரு செய்தியை இன்று பேச வந்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு வயது வந்ததும் ஜாதகம் பார்க்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் என்றும், கிள்ளான் தெங்கு கிளானா சாலை என்றும் புடவைக் கடை, நகைக் கடை ஏறி இறங்குகிறோம். ஆனால், "எனக்கு அந்த நாட்டமே இல்லையம்மா" என்று பிள்ளை சொன்னால் காது கொடுக்கிறோமா?

யார்மீதும் பாலீர்ப்பு தோன்றாத மனிதர்கள் ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. 'அசெக்சுவல்' என்பார்கள், தமிழில் பாலீர்ப்பின்மை எனலாம். பிரிட்டனில் 18,000க்கும் மேற்பட்டோரிடம் எடுக்கப்பட்ட ஆய்வின் விவரங்களைக் கனடா பேராசிரியர் ஆந்தனி போகர்ட் 2004இல் ஆராய்ந்து வெளியிட்டார். அதில் ஏறக்குறைய 100 பேருக்கு ஒருவர், தமக்கு யார்மீதும் ஈர்ப்பு வந்ததே இல்லை என்று கூறியிருந்தார்.

இது பிரம்மச்சரியமா? இல்லை. பிரம்மச்சரியம் நாமே ஏற்கும் விரதம், இது இயல்பு. ஆண்மைக் குறைவா? அதுவும் இல்லை. உடலில் குறை எதுவும் இல்லாமலே இப்படி இருக்கலாம். மனநோயா? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, தம்மை இப்படி உணர்ந்துகொண்டவருக்கு 'ஆசைக் குறைவு நோய்' என்று பெயர் சூட்டக்கூடாது என்கிறது. முன்பு இருந்த ஆசை திடீரென்று குறைந்தால் அது வேறு விஷயம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். சரி, பாசமே இல்லாதவர்களா? அதுவும் தவறு. இவர்களிலும் துணையை விரும்புகிறவர்கள் உண்டு. குழந்தை பெற்று வளர்ப்பவர்களும் உண்டு.

"கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற எண்ணம்தான் ஆபத்தானது. ஒன்றும் அறியாமல் கழுத்தை நீட்டிய பெண்ணோ, தாலி கட்டிய பையனோ, "என்னிடம் என்ன குறை?" என்று உள்ளுக்குள் அழ வேண்டிவரும். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டத்தில் 70ஆவது பிரிவு இருக்கிறது. ஒருவரின் இயலாமையாலோ, எதிர்த்தரப்பு வேண்டுமென்றே மறுப்பதாலோ தாம்பத்திய உறவு நிகழவில்லை என்றால், அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். வீட்டில் பேசாத பேச்சை நீதிமன்றத்தில் பேச வேண்டுமா?

பெற்றோர்களே, பத்துப் பொருத்தம் பார்ப்பதற்கு முன் பிள்ளையின் மனதைக் கேளுங்கள். பிள்ளைகளே, நிச்சயத்துக்கு முன்பே உண்மையைச் சொல்லுங்கள். தெரிந்தே இருவரும் சம்மதித்தால் அது அவர்கள் வாழ்க்கை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்து இரண்டு பேரின் வாழ்வைப் பாழாக்க வேண்டாம்.