ஒருவர் சொல்லும் பலர் வாழ்வும்



பத்தாம் வகுப்பு வரையே பயின்று, இரயில்வேயில் எழுத்தராகக் காலங்கழிக்கும் என்னை இம்மேடையில் பேசப் பணித்தது சங்கத்தாரின் அன்பேயாகும். நான் எடுத்துக்கொண்ட பொருள் 'செல்வாக்கு' என்பது. அது அமைச்சர்க்கும் செல்வர்க்கும் உரியது, நமக்கேது என்று சிலர் எண்ணலாம். செல்லும் காசு போலச் செல்லும் வாக்கே செல்வாக்கு. நம் சொல்லைப் பிறர் ஆராயாமல் ஏற்கும் இடமெல்லாம் நமக்குச் செல்வாக்கு உள்ள இடமே.

அதன் வலிமையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாகாலாவிலிருந்து தருமவரம் செல்லும் இருப்புப்பாதையில் 'மதனப்பள்ளி ரோடு' என்னும் நிலையத்தை நம்மில் பலர் கடந்திருப்போம். நெடுங்காலம் நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அந்த மதனப்பள்ளியில், 1895ஆம் ஆண்டு, ஓர் அரசு அலுவலரின் இல்லத்தில் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. தந்தையார் ஓய்வு பெற்றபின், 1909இல் சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபைக்குக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். அங்கே லெட்பீட்டர் என்னும் சபைப் பெரியவர் இச்சிறுவனைக் கண்டு, உலக குரு இவன் வாயிலாக வெளிப்படுவார் என்றார். சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையாரும் அதனை நம்பினார். 1911இல் இச்சிறுவனைத் தலைவனாகக் கொண்டு ஒரு தனிச் சங்கமே தோன்றியது. பல நாடுகளில் அதற்கு உறுப்பினர் பெருகினர். நிலமும் மாளிகையும் வந்து குவிந்தன.

அவருடைய தந்தையோ தம் மக்களைத் திரும்பப் பெற வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றத்தில் வென்றும், 1914இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் அவ்வெற்றியை இழந்தார். அம்மையாரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும், நல்லெண்ணத்தோடு செலுத்திய செல்வாக்கும் ஒரு வீட்டைப் பிரித்துவிடும் என்பதை இதனால் அறிகிறோம்.

1929 ஆகஸ்டு 3ஆம் நாள், ஆலந்து நாட்டு ஓமன் என்னும் ஊரில் ஏறத்தாழ 3,000 பேர் கூடியிருந்தனர். அம்மையாரும் அவையில் இருந்தார். முப்பத்துநான்கு வயதான கிருஷ்ணமூர்த்தி எழுந்து, அச்சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டார். தமக்கு அடியார் வேண்டா, உண்மையை ஒவ்வொருவரும் தாமே காண வேண்டும் என்பதே அவர் உரையின் சாரம். வந்த சொத்துக்களையும் கொடுத்தவர்களிடமே திருப்பி அளிக்கச் செய்தார்.

அதனால் அவர் செல்வாக்கு அழிந்ததா? இல்லை. 1986இல் மறையும்வரை அவர் பேசினார். உலகெங்கும் மக்கள் கேட்க வந்தனர். மதனப்பள்ளிக்கு அருகில் அவர் கண்ட ரிஷிவேலிப் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. அவர் தத்துவத்தை முற்றும் அறிந்தவன் அல்லேன் நான். எனினும் ஒன்று விளங்குகிறது. செல்வாக்கை உதறிவிட இயலாது; பிறருடைய அறிவை நாம் பறித்துக்கொள்ளாமல், அதனை அவரிடமே ஒப்படைக்க இயலும்.

நிற்க. இனி என் கதையைச் சொல்ல வேண்டும்.

நம் காலனியில் பாஸ், கடன், மாற்றல் மனு என்று எதுவாயினும் என்னிடம் எழுதி வாங்கிச் செல்வது வழக்கம். அதனால் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர், "அண்ணே, பையனை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார். இரவுப் பணி முடிந்த அயர்வில் இருந்தேன். "இந்த ஊரில் தெலுங்கும் ஆங்கிலமுந்தானப்பா சோறு போடும், தமிழ் படித்து என்ன செய்யப் போகிறான்?" என்றேன். அதை அன்றே மறந்தும் போனேன். காலனியோ மறக்கவில்லை. 'அண்ணனே சொல்லிவிட்டார்' என்று, அம்மாதமே ஐந்து பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றனர்.

சென்ற ஆண்டு அந்தப் பையன், இப்போது இளைஞன், ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டிற்கு வந்தான். காட்பாடியில் காலமான அவன் பாட்டியின் பெட்டியில் இருந்ததாம். "பெரியப்பா, இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றான். பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் நடுவே அவன் பிறந்த நாளும் நட்சத்திரமும், அவன் காய்ச்சலில் கிடந்தபோது பாட்டி நேர்ந்துகொண்ட வேண்டுதலும் எழுதியிருந்தன. படிக்கையில் என் குரல் தழுதழுத்தது. அவன் என்னைக் குறை கூறவில்லை. என் பழைய சொல்லை அவன் அறியான். நானே அதனைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன்.

பிறகு அந்த ஐந்து வீடுகளுக்கும் சென்று, "அன்று யோசியாமல் பேசினேன்" என்றேன். ஒரு வீட்டில், "அப்படியானால் சின்னவளை அனுப்பட்டுமா? நீங்கள் சொன்னால் சரி" என்றார்கள். 'அனுப்புங்கள்' என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. ஆயினும் அதுவும் பழைய பிழையே அன்றோ? பாட்டியின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிக் கூறினேன். பள்ளிப் பாடத்தின் சுமையையும் மறைக்கவில்லை. "இரண்டு ஞாயிறு வந்து அமரட்டும், பின் அவளையும் கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றேன். அவள் வருகிறாள். வேறொரு வீட்டில் அனுப்பவில்லை. அது அவர்கள் எண்ணிச் செய்த முடிவு, அதனையும் மதிக்கிறேன்.

அன்பர்களே! சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு உறவினர் அருகில் இல்லை. ஆதலின் அடுத்த வீட்டார் சொல்லே பெரியோர் சொல்லாகிவிடுகிறது. பிள்ளையின் படிப்பும் பெண்ணின் திருமணமும் திண்ணைப் பேச்சில் முடிவாகின்றன. கருத்துச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்போம். தவறிச் சொன்ன சொல் எந்த வாயில்களில் நுழைந்ததோ, அந்த வாயில்களுக்கே சென்று அதனைத் திருத்துவோம்.

நான் கூறிய இதனையும், நான் கூறினேன் என்பதற்காக ஏற்க வேண்டா. இல்லம் சென்று எண்ணிப் பாருங்கள்.