தலை எண்ணாத சபைகள்



பத்துப் பேர் கூடிய சபையில் ஆறு பேர் கையுயர்த்தினால் கருமம் முடிந்தது என்று நாம் பழகிவிட்டோம். எஞ்சிய நால்வர் கூறிய நியாயம் யாது என்று பின்னர் எவரும் வினவுவதில்லை. ஆனால், இருபது சாட்சிகளைக் கொண்டுவந்தான் என்பதற்காக நீதிமன்றில் ஒருவன் வெல்வதில்லை. சாட்சியத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். எண்ணிப் பார்த்தல் ஆகாது. இவ்விதியையே சபை நடத்தும் முறையாகவும் கொண்ட இரு சமுதாயங்களைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன்.

முதலாவது, குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சபை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்ஸ் முதலானோரால் தோன்றியது. இவர்களுடைய கூட்டங்களில் வாக்கெடுப்பு இல்லை. மௌனத்துடன் தொடங்குவர், ஒருவர் பேசியபின் சற்று அமைதி காப்பர். கூட்டத்தை நடத்தும் எழுத்தர், சபையின் கருத்து எதுவெனத் தாம் உணர்ந்ததை அவ்விடத்திலேயே எழுதி வாசிப்பார். சபை ஏற்றால் அதுவே முடிபு. ஏற்காவிடின் திருத்துவர், அல்லது ஒத்திவைப்பர். உடன்படாத ஒருவர், “எனக்கு இசைவில்லை, ஆயினும் குறுக்கே நில்லேன்” என்று விலகி நிற்கவும் இடமுண்டு.

இரண்டாவது, இணையத்தில் கூடி உழைப்போர். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் பொறியியற் பணிக்குழுவில், வாக்கை நிராகரித்து ஏறத்தாழ இசைந்த கருத்தையே நம்புவோம் என்று 1992இல் டேவிட் கிளார்க் உரைத்தார். அங்கே கையுயர்த்துவதற்குப் பதிலாக வாய்மூடி முனகி இசைவைக் காட்டும் வழக்கம் உண்டு. 2014இல் அக்குழு வெளியிட்ட ஆவணமொன்று, நூறு பேர் ஆதரித்து ஐவர் எதிர்த்தாலும் இசைவு ஏற்படாதிருக்கலாம் என்கிறது. ஏன்? ஐவரின் தடைக்கு விடை கூறப்படவில்லையாயின், நூறு என்னும் எண் அதற்கு விடையாகாது. 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவும், 2003இல் பிறந்த அதன் தமிழ்ப் பதிப்பும், பிணக்குகளை உரையாடற் பக்கத்தில் நியாயம் பேசித் தீர்க்கவே முயல்கின்றன.

இரண்டும் ஒன்றுதானா? அல்ல. குவேக்கர் ஒருவரையொருவர் முகமறிந்தவர். ஒரே நம்பிக்கையிற் கட்டுண்டவர். மனிதர் இணங்குவதை அன்று, இறைவன் சித்தத்தையே தேடுபவர். அவர்களுடைய மௌனம் செவிமடுத்தல். இணையத்திலோ மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படுகிறது. களைத்து வெளியேறியவனும் சம்மதித்தவனாகக் கணக்கிடப்படுகிறான். நியாயமுடையவனை விட, நேரமுடையவன் வெல்லும் அபாயம் அங்கே உண்டு.

ஆயினும், குவேக்கர் முறையிலும் குறையுண்டு. 1688இல், பென்சில்வேனியாவின் ஜேர்மன்டவுனில் நால்வர், அடிமை முறை தகாது என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தம் சபைக்கு அனுப்பினர். பொருள் பாரமானது என்று மாதக் கூட்டம் காலாண்டுக் கூட்டத்துக்கும், அது ஆண்டுக் கூட்டத்துக்கும் அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் முடிபு கூறவில்லை. ஜோன் வூல்மன் போன்றோர் பொறுமையுடன் வாதாடினர். 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமை வாணிபஞ் செய்யும் அங்கத்தவர் மீது நடவடிக்கைக்குத் துணிந்தது. வூல்மன் முதலானோர் அடிமை வைத்திருந்தோரின் இல்லங்களுக்கே சென்று பேசினர். 1776இல் அடிமை வைத்திருத்தலையே அச்சபை தன் அங்கத்தவர்க்குத் தடை செய்தது.

எண்பத்தெட்டு ஆண்டுகள்! மனச்சாட்சி கனியக் காத்திருந்தனர் என்று இதனைப் போற்றலாம், போற்றவும் வேண்டும். ஆனால், அத்தாமதத்துக்கு விலை கொடுத்தவர் யார்? சபையில் அமர்ந்திருந்தோர் அல்லர். சபையில் இடமே பெறாத அடிமைகள். முடிபு எட்டப்படாத ஒவ்வொரு நாளும், உள்ள நிலையே வென்றுகொண்டிருந்தது.

ஆகவே, சங்கமோ கட்சியோ நடத்தும் அன்பர்களே, ஏகமனதாக நிறைவேற்றினோம் என்று பெருமை கொள்ளுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதிர்த்தவனின் நியாயத்துக்கு விடை சொன்னோமா? எழுதிய முடிபை அனைவர் முன்னும் வாசித்தோமா? இம்முடிபால், அல்லது இதன் தாமதத்தால், துன்புறுவோன் இங்கே இருக்கின்றானா?

மூன்றாவது கேள்விக்கு இல்லை என்பது விடையாயின், ஏகமனது என்பது உள்ளே இருப்போரின் வசதியேயன்றி நீதி ஆகாது. கதவைத் திறந்து, அவனுக்கு ஓர் ஆசனம் இடுங்கள். பின்னர் கூட்டத்தைத் தொடங்குங்கள்.