விபத்து நடந்தால் கையில் இருக்க வேண்டிய காகிதம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சட்ட விழிப்புணர்வு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம ஊருக்கு ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை. இன்னொரு பக்கம் சிங்கபெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியா ஸ்ரீபெரும்புதூர் போற ரோடு. கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், கார் எல்லாம் ராத்திரி பகல் பார்க்காம ஓடுது. அந்த ரோட்டில்தான் நம்ம வீட்டுக்காரர் ஷிப்ட்டுக்குப் போறார், பிள்ளைங்க காலேஜுக்குப் போறாங்க. விபத்து யாருக்கும் வரக்கூடாது. வந்துட்டா என்ன செய்யணும் என்பது தெரிஞ்சிருக்கணும். அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

முதல் வேலை உயிரைக் காப்பாற்றுவது. 108-க்குப் போன் செய்யுங்கள். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பர் 18-ஆம் தேதி நம்ம மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கினாங்க. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சொன்ன அளவு வரை சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லையென்றாலும் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது "ரோட்டு விபத்து" என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "கீழே விழுந்துட்டார்" என்று மட்டும் எழுதிவிட்டால் பின்னாடி ரொம்ப சிரமம்.

ரெண்டாவது வேலை போலீஸ் பதிவு. இங்கேதான் நம்மில் பலர் ஏமாந்து போறோம். இடிச்சவர், "அஞ்சாயிரம் வாங்கிக்கோங்கம்மா, கேஸ் எதுக்கு" என்பார். கூட நாலு பேர் சேர்ந்து, "ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைய முடியுமா?" என்பாங்க. அன்னைக்கு அது பெரிய பணமாத் தெரியும். பத்து நாள் கழிச்சு, காலுக்கு ஆபரேஷன் செய்யணும், ஆறு மாசம் வேலைக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லும்போது அவர் போன் எடுக்கமாட்டார். அப்போது கையில் எந்தக் காகிதமும் இருக்காது.

நம்ம குழுவில் தீர்மானப் புத்தகத்தில் எழுதாத கடனை யாராவது ஒத்துக்குவோமா? அதே மாதிரிதான் இதுவும். எழுத்தில் இல்லாத விபத்தை இன்சூரன்ஸ் கம்பெனியும் கோர்ட்டும் லேசில் ஏற்காது.

ஸ்டேஷனில் ரெண்டு விதமான காகிதம் தருவாங்க. ஒண்ணு சி.எஸ்.ஆர். அது உங்கள் மனு வந்து சேர்ந்ததுக்கான ரசீது, அவ்வளவுதான். இன்னொண்ணு எஃப்.ஐ.ஆர்., முதல் தகவல் அறிக்கை. அதுதான் வழக்கு. வண்டிக்கு மட்டும் சின்னச் சேதம் என்றால் சி.எஸ்.ஆரோடு நின்றுவிடும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லி, போட்டோ எடுத்து வைத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் ஒருவருக்குக் காயம் பட்டால், உயிர் போனால், எஃப்.ஐ.ஆர். கண்டிப்பா வேணும். இப்படிப்பட்ட குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். போடுவது போலீஸின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது.

புகாரில் என்ன எழுதணும்? தேதி, நேரம், எந்த இடம், எந்தப் பக்கமிருந்து எந்த வண்டி வந்தது, எப்படி இடித்தது, யார் பார்த்தாங்க. வண்டி நம்பர் தெரிந்தால் எழுதுங்கள். தெரியலைன்னாலும் எஃப்.ஐ.ஆர். போடலாம். கையெழுத்துப் போடும் முன் முழுசா வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம்ம ஆள் ரோட்டோரமா நின்னிருந்தும், குறுக்கே ஓடியதா எழுதியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பிறகு லட்சக்கணக்கில் இழப்பீட்டைக் குறைத்துவிடும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவில், புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நகல் தரணும் என்று இருக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலும் எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம்.

எந்த ஸ்டேஷன் என்பதிலும் குழப்பம் வரும். மறைமலை நகர் செங்கல்பட்டு மாவட்டம். நம்ம ஸ்டேஷன் தாம்பரம் காவல் ஆணையரகத்தில் வருது. கொஞ்ச தூரம் தள்ளி ஒரகடம் போனால் காஞ்சிபுரம் மாவட்டம். "எங்க எல்லை இல்லைம்மா" என்று திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீங்க. விபத்து எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கிப் பதிவு செய்து, உரிய ஸ்டேஷனுக்கு அவங்களே அனுப்பணும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான்.

வாங்கவே மாட்டேன் என்றால், புகாரை எழுதி காவல் துணை ஆணையருக்கோ, மாவட்ட எஸ்.பி.க்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமா வையுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். இன்னொரு விஷயம்: ஒரு பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும்.

எஃப்.ஐ.ஆர். வாங்கியதோடு வேலை முடியாது. 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும், பாதிக்கப்பட்டவருக்கும் நகல் தரணும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. விசாரணை அதிகாரியின் பெயர், எஃப்.ஐ.ஆர். எண் ரெண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, இந்த நாள் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். கூடவே மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை நகல்களையும் சேர்த்து வையுங்கள். உயிர் போயிருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாரிசுச் சான்றிதழும் வேணும்.

இந்தக் காகிதம் எல்லாம் எதுக்கு?

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க. விபத்து வேறு மாவட்டத்தில் நடந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம். மனு போட 6 மாதம் என்று சட்டத்தில் இருக்கு. அதுக்குள்ள போட்டுடுங்க. நாள் கடந்திருந்தால் "போச்சு" என்று உட்கார்ந்துடாம வக்கீலைக் கேளுங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது, எதுன்னே தெரியலை என்றால், உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. விபத்து நடந்த இடத்து வருவாய்த்துறை அதிகாரியிடம் மனு கொடுக்கணும். தாலுகா ஆபீஸில் கேளுங்கள்.

நம்மில் பலருடைய பேங்க் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறாங்களே, அது பிரதமரின் சுரக்ஷா பீமா. விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். பாஸ்புக்கில் அந்த வரி இருக்கான்னு இன்னைக்கே வீட்டில் பாருங்கள். அந்தப் பணத்துக்கும் எஃப்.ஐ.ஆர். கேட்பாங்க. இ.எஸ்.ஐ. உள்ளவர் வேலைக்குப் போகிற வழியிலோ வருகிற வழியிலோ அடிபட்டால், வேலைக்கும் விபத்துக்கும் தொடர்பு காட்டினால் அதை வேலைக்காயமாகவே எடுத்துக்கொள்ள சட்டம் இருக்கு. கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்கணும்.

ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து, "நான் பார்த்துக்கறேன், இங்க கையெழுத்துப் போடுங்க" என்று சில பேர் கேட்பாங்க. போடாதீங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் வருஷத்துச் சட்டம் கொடுத்த உரிமை அது. செங்கல்பட்டில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்லுவாங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். கணவர் ஐ.சி.யு.வில் கிடக்கும்போது ஒரு பொம்பளை தனியா ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது ரொம்பக் கொடுமை. எந்தக் குழுவில் விபத்து நடந்தாலும் அன்னைக்கே ரெண்டு பேர் கூடப் போகணும். ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், ஒருத்தர் ஸ்டேஷனுக்குத் துணையாப் போகட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணையும், 6 மாதம் முடியும் தேதியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மாசா மாசம் சேமிப்பு வாங்கும்போது, "அந்தக் கேஸ் எந்த அளவுல இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடன் தவணையை மறக்காத நமக்கு இந்தத் தேதி மறக்காது.