நிமோனியாவும் நம் குழந்தைகளும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். குழந்தை பிழைத்திருந்தால்தானே பள்ளிக்கு வரும்? 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை நிமோனியா கொண்டுசென்றது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள் உள்ளன. பாக்டீரியாவோ வைரஸோ புகுந்து அழற்சியை உண்டாக்கும்போது, காற்று இருக்க வேண்டிய இடத்தில் சீழும் நீரும் நிரம்புகின்றன. குருதிக்குப் பிராணவாயு போதாமையால் குழந்தை விரைந்து மூச்சு வாங்குகிறது. ஆகவே, இந்நோயை ஐயுறுவதற்கு முதற்கருவி ஒரு கடிகாரமே. குழந்தை அழாதிருக்கும் வேளையில், மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதன்பின் ஐந்து வயது வரை 40. இவ்வளவோ இதற்கு மேலோ இருப்பின் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கூலியை எண்ணி வாங்கத் தெரிந்த நம் தாய்மாருக்கு இது கடினமன்று. மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்புறம் உள்வாங்கினாலோ, பால் குடிக்க இயலாமற் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

மாந்தம் என்று கருதிச் சூடு போடுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் நம்மிடையே முற்றும் ஒழிந்தபாடில்லை. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியாவை வருவிக்கும். எனினும், நம் அறியாமையை மட்டும் பழிப்பது நேர்மையன்று. மருத்துவமனையின் தொலைவு, இழக்கும் ஒருநாள் கூலி, சென்றவிடத்தில் கேட்கும் கடுஞ்சொல் ஆகியவையும் நம்மைத் தாமதிக்கச் செய்கின்றன.

பாக்டீரியாவால் வந்த நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் என்னும் எளிய மருந்தே பெரும்பாலும் போதும். நோய் முற்றினால் ஊசியும் பிராணவாயுவும் தேவைப்படும். காய்ச்சல் தணிந்ததும் எஞ்சியதை அடுத்த பிள்ளைக்கென்று எடுத்துவைக்கும் சிக்கனம் வேண்டாம். மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுத்து முடிக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதும், தட்டம்மைத் தடுப்பூசி போடுவதும் பெருங்காப்பு. நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் இலவசமாகவே போடப்படுகிறது: 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம். விறகடுப்பின் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். குழந்தையை அடுப்படியில் கிடத்தாதீர்கள் என்று சொல்வது எளிது. ஓர் அறையே வீடாயிருப்பவர் எங்கே கிடத்துவார்? காற்றோட்டமுள்ள வீடு கேட்பதும் மருத்துவம் கேட்பதேயாகும்.

தடுப்பூசி அட்டை கொண்டுவந்திருக்கும் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் சற்றே இருங்கள். விடுபட்டவற்றைப் பார்த்துக் குறித்துத் தருகிறோம்.