வீட்டிலே ஒரு குளிர்பானம்

சித்திரை பிறந்துவிட்டால் நம் தெருமுனைகளிலே சிவப்பும் பச்சையுமாகச் சர்பத்துப் புட்டிகள் அணிவகுத்து நின்றுவிடுகின்றன. பள்ளி விடுமுறைப் பிள்ளைகளின் கண்கள் அப்பக்கமே போகின்றன. நான் அஞ்சுவது அந்த நிறங்களுக்கு மட்டுமன்று. அவற்றில் மிதக்கும் பனிக்கட்டிக்கு. மீனைக் கெடாமல் வைக்கச் செய்யும் பனிக்கட்டி உண்பதற்குரியதன்று. அதற்கு எந்த நீரை எடுத்தார்களோ, யார் அறிவார்? உறைந்துவிட்டால் கிருமிகள் மாண்டுபோகும் என்று எண்ணுவோர் பலர். அவ்வாறன்று. டைபாய்டுக் கிருமி பனிக்கட்டியிலும் உயிர்தரித்திருக்கும். எங்கள் தெருச் சிறுவன் ஒருவன் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் அந்தக் காய்ச்சலிலேயே கழித்தான். அவன் தாயார் பட்ட பாட்டை அருகிலிருந்து கண்டவள் நான்.

வேண்டாம் என்று தடுத்தால் மட்டும் பிள்ளைகள் கேட்பார்களா? அதனினும் சுவையானதொன்றை வீட்டிலே கொடுக்க வேண்டும். பல சாறுகளைக் கலந்து அருந்துவதை மேனாட்டார் காக்டெயில் என்பர். அங்கே அச்சொல் பெரும்பாலும் மதுவையே குறிக்கும். நான் சொல்லப்போவது தர்பூசணியும் எலுமிச்சையும் புதினாவும் சேர்ந்த பானம். ஆகவே வீட்டுப் பெரியவர்கள் திடுக்கிட வேண்டியதில்லை!

முதல் வேலை நீர். முந்திய இரவே கொதிக்கவைத்து ஆற்றி, நன்கு கழுவிய மண்பானையில் ஊற்றி மூடிவையுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டுபோகிறது. காற்றிலே ஈரம் மிகுந்த சென்னையில் இது மதுரையில் போல அவ்வளவு நன்றாக நடைபெறாது. எனினும் தொண்டைக்கு இதமான குளிர்ச்சி கிடைக்கும்.

ஐந்து பேருக்கு ஒரு கிலோ பழச்சதை போதும். அறுப்பதற்கு முன் பழத்தின் தோலைக் கழுவ மறவாதீர்கள். இல்லையேல் தோலிலுள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுசெல்லும். விதை நீக்கிப் பிசைந்து வடிகட்டினால் ஏறக்குறைய முக்கால் லிட்டர் சாறு வரும். கால் லிட்டர் நீரில் நான்கு மேசைக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துச் சூடாக்கி இறக்குங்கள். கழுவிய புதினா இலை பத்தினை அதில் போட்டு உடனே மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் மணம் அடுக்களைக்குத்தான் போகும், பானத்துக்கு வாராது. பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள்.

ஆறிய பின்னரே இரண்டு எலுமிச்சம்பழங்களின் சாற்றைச் சேர்க்க வேண்டும். சூட்டில் பிழிந்தால் அதன் புதுமணம் கெடும். விதையை நசுக்கினால் கசக்கும். பித்தளைப் பாத்திரத்தை எடுக்காதீர்கள், புளிப்புப் பட்டால் களிம்பேறும். எவர்சில்வரோ கண்ணாடியோ நல்லது. எல்லாவற்றையும் கலந்து, ஒரு சிட்டிகை உப்பிட்டு, இன்னும் பத்துப் புதினா இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டி மேலே போடுங்கள். அரைத்துவிட்டால் பச்சை வாடையும் கசப்பும் வந்து சேரும். தம்ளர்களில் ஊற்றிய பிறகு பானை நீரைச் சிறிது சேர்த்து, அவரவர்க்கு ஏற்ப இனிப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

புதினா குளிர்ச்சி என்கிறோமல்லவா? அது உடம்பின் சூட்டைத் தணிப்பதில்லை. புதினா இனத்திற் சிலவற்றில் மிகுந்துள்ள மென்தால் என்னும் பொருள், குளிரை உணர்த்தும் நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது, அவ்வளவே. அந்த உணர்வுக்குரிய வாயிலை 2002ஆம் ஆண்டில் கண்டறிந்தவர்களுள் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூடியன் ஆகிய இருவரும், வெப்பம், தொடுதல் ஆகிய உணர்வுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021இல் நோபெல் பரிசு பெற்றனர். நம் கடைத்தெருப் புதினாவிலோ மென்தால் குறைவு. அதன் மணம் கார்வோன் என்ற வேறொரு பொருளால் வருவது. ஆகவே வெயிலில் நம்மைக் காப்பது நீர்தான். புதினா அந்த நீரை விரும்பிப் பருகவைக்கிறது.

நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்டே இதனைப் பருக வேண்டும். வெயில் தாக்கி நினைவிழந்து கிடப்பவர் வாயில் இதையோ வேறெதையோ புகட்டவே கூடாது; உடம்பை நனைத்து விசிறியபடி மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லுங்கள்.

செய்த பானத்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இலை கிள்ளிய புதினாத் தண்டுகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். நிழல் விழும் இடத்தில் ஈரமண்ணில் ஊன்றி வைத்தால் சில நாட்களில் வேர்விடும். அடுத்த முறைக்கு இலை உங்கள் கொல்லைப்புறத்திலேயே இருக்கும்.